வீட்டுக்கோழி வளர்ப்பும் நம் பொறுப்பும்

"கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?" என்பது நம் முன்னோர் வாக்கு. பெற்றவர் கண்டிப்பதனால் பிள்ளை கெடுவதில்லை என்பதை உணர்த்த இப்பழமொழியை நாம் வகுப்பறையில் பன்முறை எடுத்துரைக்கின்றோம். இதன் உட்பொருள் அவ்வாறிருக்க, நேர்ப்பொருளும் பெரும்பாலும் உண்மையே. தாய்க்கோழியின் காலில் மிதிபட்டுக் குஞ்சு முடமாவது அரிது. ஆயினும் நம் தோட்டத்து வீடுகளில் பொரிக்கும் குஞ்சுகளுட் பல, கொண்டை முளைக்கும் முன்னரே மாண்டு போகின்றன. தாய் மிதித்துச் சாகாத குஞ்சு வேறு எவற்றால் சாகின்றது? அவற்றுள் எவற்றை நாம் தடுக்க இயலும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டப்புறத்தில் கோழி வளர்ப்பு பொழுதுபோக்கன்று. நம் பாட்டன் பாட்டி காலத்தில் லயத்தின் பின்புறம் கோழிக்கூடு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பிள்ளைகளுக்கு முட்டை, விருந்தினருக்குக் குழம்பு, குலதெய்வத்திற்குக் காணிக்கை, கைச்செலவுக்கு முடை நேர்ந்தபோது விற்றுக்கொள்ள ஒரு சேவல் எனப் பலவகையாலும் கோழி குடும்பத்தைத் தாங்கியது. இன்றும் ஆண்டுத் தொடக்கத்தில் சீருடையும் காலணியும் வாங்கும் வேளையில், முற்றத்துக் கோழிகள் கைகொடுக்கும் வீடுகள் உண்டு. கடையில் நாட்டுக்கோழிக்கு, அஃதாவது கம்பத்துக் கோழிக்கு, பண்ணைக் கோழியைக் காட்டிலும் கூடுதல் விலை கிடைக்கின்றது என்பதையும் யாவரும் அறிவர்.

இனி, மாணவர்களே, ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கோழி 12 முட்டைகளை அடைகாத்து 10 குஞ்சுகளைப் பொரிக்கின்றது என்று கொள்வோம். மழையில் நனைந்து இரண்டு, காக்கை தூக்கிச் சென்றது ஒன்று, சாக்கடையில் விழுந்தது ஒன்று, கழிச்சலால் மூன்று எனக் கழித்தால் எஞ்சுவன மூன்றே. அம்மூன்றையும் ஒரே இரவில் மரநாய் கொண்டு போனால் மிச்சம் ஒன்றுமில்லை. இது புத்தகத்தில் மட்டும் காணும் கணக்கன்று. ஆனால் வீடுகளில் இதனை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. "நமக்குக் கோழி ராசியில்லை" என்று சொல்லி விட்டுவிடுகின்றோம். ராசி என்று நாம் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வோர் இழப்புக்கும் ஒரு காரணம் இருப்பது விளங்கும்.

கோழியின் இயல்பு

நாம் வளர்க்கும் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஆகும். மலாய்க்காரர் இதனை ஆயாம் ஹூத்தான் என்பர். இப்பறவை இன்றும் நம் நாட்டில் வாழ்கின்றது. செம்பனைத் தோட்டங்களின் ஓரங்களில் அதிகாலையில் அது கூவுவதைக் கேட்கலாம். பகலில் சருகைக் கிளறிப் புழு பூச்சிகளையும் விதைகளையும் தின்னும். புதர் நிழலில் புழுதியாடும். அந்தி சாய்ந்ததும் மரக்கிளையில் ஏறி உறங்கும்.

வீட்டுக்கோழிக்கும் அதே இயல்பு மாறவில்லை. கிளற நிலம், ஒதுங்க நிழல், உடம்பிலுள்ள பேனையும் செள்ளையும் உதிர்க்கப் புழுதி, இரவில் உறங்க உயரமும் உலர்வும் உள்ள இடம் ஆகிய நான்கும் அதற்கு வேண்டும். காட்டில் தானே தேடிக்கொண்டவற்றை, வீட்டில் நாம் தேடித்தர வேண்டும். கோழியைத் திறந்து விட்டுவிட்டால் தானே மேய்ந்து தானே வளர்ந்துவிடும் என்று எண்ணுவது பிழை. பக்கத்து வீடும் சாக்கடையும் நாயும் மோட்டார் வண்டியும் நெருங்கியுள்ள லயத்து முற்றம் காடன்று.

அடைவைப்பு

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டைகள் இட்டபின் அடைக்கு உட்காரும். அதன் உடல் நன்கு மூடும் அளவு முட்டைகளையே வைத்தல் வேண்டும். பத்து அல்லது பன்னிரண்டு போதும். ஆசை மிகுதியால் பதினெட்டு, இருபது என்று வைத்தால் ஓரத்து முட்டைகள் சூடு பெறாமல் குளிர்ந்து, மற்றவையும் இடம் மாறிக் கெடும். இட்டு ஒரு வாரத்திற்கு மேற்படாத, விரிசலில்லாத முட்டைகளே ஏற்றவை. குளிர்பெட்டியில் வைத்த முட்டையை அடைக்குப் பயன்படுத்தலாகாது.

கூடையில் சிறிது மணலைப் பரப்பி, அதன்மேல் உலர்ந்த லாலாங் புல்லையோ வைக்கோலையோ இட்டு நடுவில் குழிவாக அமைத்தல் நன்று. சாரல் படாத, எறும்பு ஏறாத, மங்கலான மூலையில் கூடை இருக்கட்டும். இடியோசைக்கு முட்டை கெடும் என்று கருதி, கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. போடுவதனால் கேடில்லை. ஆனால் முட்டை கூமுட்டையாவதற்கு வேறு காரணங்களையே முதலில் தேட வேண்டும். சேவல் சேராமல் இட்ட முட்டை பொரிக்காது. பழைய முட்டை பொரிப்பதும் அரிது. பேன் கடியால் கோழி அடிக்கடி எழுந்து போனாலும், மழை ஒழுகிக் கூடை நனைந்தாலும் கரு இறந்துபோகும்.

ஏழாம் நாள் இரவில் முட்டையைக் கைவிளக்கின் ஒளிமுன் பிடித்துப் பாருங்கள். கருவுள்ள முட்டையில் சிலந்திக் கால்கள் போலச் செந்நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருப்பதை நீக்கிவிடலாம். நாளொன்றுக்கு ஒருமுறை கோழி இறங்கித் தின்று, நீரருந்தி, எச்சமிட்டுத் திரும்பும். அதற்குத் தீனியும் நீரும் அருகிலேயே இருந்தால் விரைவில் திரும்பும். பதினெட்டாம் நாளுக்குப்பின் கூடையைத் தொடாதீர்கள். இருபத்தோராம் நாள் குஞ்சுகள் வெளிவரும்.

குஞ்சுப் பருவம்

பொரித்த குஞ்சின் வயிற்றினுள் மஞ்சட்கருவின் எச்சம் இருக்கின்றது. அதுவே முதல் ஓரிரு நாட்களுக்கு அதற்கு உணவு. ஆதலால், எல்லா முட்டைகளும் பொரிக்கும்வரை தாயைக் கூடையை விட்டு இறக்க அவசரப்பட வேண்டியதில்லை.

முதல் மூன்று வாரங்களே மிக்க கவனத்திற்குரியவை. குஞ்சின் உடலை மூடியிருப்பது மென்மயிரே, இறகன்று. அது நனைந்தால் உடற்சூடு போய்விடும். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். தாயின் சிறகே அச்சூட்டைத் தருகின்றது. பனி உலராத விடியற்காலையில் தாய் புல்வெளியில் இறங்கினால், பின்தொடரும் குஞ்சுகள் அடிவயிறு நனைந்து நடுங்கும். நம் நாட்டில் பிற்பகல் மழை சொல்லாமல் வரும். ஆதலின் வெயில் ஏறிய பின்னரே வெளியே விடுவதும், மழைக்கு முன்னரே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதும் நன்று. பஞ்சாரத்தின்மேல் ஒரு சாக்கோ தகரமோ இருந்தால் காக்கைக்கும் பருந்துக்கும் குஞ்சுகள் தெரியா.

நீர் வைக்கும் தட்டு ஆழமாக இருத்தலாகாது. ஆழமான தட்டானால் அதில் கூழாங்கற்களைப் பரப்பி வையுங்கள்; குஞ்சு விழுந்து மூழ்காது. தீனிக்கு நொய்யும், கிடைத்தால் கறையானும் ஏற்றவை. கறையான் புற்றின் ஒரு துண்டை எடுத்து வந்து உடைத்துப் போட்டால், குஞ்சுகளுக்கு அதனினும் உயர்ந்த உணவு இல்லை எனலாம்.

மூன்று முதல் ஆறு வார வயதில் இரத்தக் கழிச்சல் என்னும் நோய் தோன்றக்கூடும். இதனை உண்டாக்கும் நுண்ணுயிர், எச்சம் கலந்த ஈரமண்ணில் தொற்றும் தன்மை பெறுகின்றது. குஞ்சு சிறகைத் தொங்கவிட்டுக் கூனிக்குறுகி நிற்கும். எச்சத்தில் இரத்தம் தோன்றும். இதற்கு மருந்துண்டு, கால்நடை அலுவலகத்தில் கேட்டறியலாம். ஆனால் பஞ்சாரத்தை நாள்தோறும் வேறோர் உலர்ந்த இடத்திற்கு மாற்றி வைப்பது செலவில்லாத தடுப்பு முறையாகும்.

கூடும் பகையும்

கூடு தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் இருத்தல் வேண்டும். தரைப்பலகைகளுக்கு இடையே எச்சம் விழும் அளவு சந்து விட்டு அடித்தால், கூடு உலர்ந்து இருக்கும். வளர்ந்த கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடியேனும் இடம் வேண்டும். கூரை தகரமானால் காற்றோட்டம் மிகுதியாகத் தேவை. இல்லையேல் வெப்பத்தால் கோழிகள் வாய் திறந்து இளைக்கும்.

தோட்டப்புறத்தில் கோழிக்குப் பகை பல. மலாய் மொழியில் முசாங் எனப்படும் மரநாய் இரவில் வரும். உடும்பு பகலில் வந்து முட்டையையும் குஞ்சையும் விழுங்கும். மலைப்பாம்பு சாக்கடை வழியே வந்து கூட்டினுள் நுழையும். கோழியை விழுங்கியபின் வயிறு பருத்து, வந்த வழியே திரும்ப இயலாமல் கூட்டிலேயே கிடப்பதும் உண்டு. ஆதலின் கம்பிவலையின் கண் அரை அங்குலத்திற்கு மேற்படலாகாது. கதவுக்குக் கயிற்றுக் கட்டு போதாது, தாழ்ப்பாள் வேண்டும். காலையில் பாம்பு இருப்பது தெரிந்தால் பிள்ளைகள் கை வைக்கலாகாது. பெரியவர்களை அழைத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. பெற்றோர் விடியுமுன்னரே பெரட்டுக்குச் சென்று, களைத்துத் திரும்புகின்றனர். மாலையில் கோழிகளை எண்ணி அடைக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். "அடைத்தாயிற்று" என்பது வேறு. "பதினான்கும் அடைத்தாயிற்று" என்பது வேறு. எண்ணாதவனுக்கு ஒரு கோழி குறைந்தது ஒரு வாரம் கழித்தே தெரியவரும். அதற்குள் மரநாய் நான்கு முறை வந்து போயிருக்கும்.

எச்சத்தை வாரம் ஒருமுறையேனும் சுரண்டி மட்கச் செய்து, கத்தரிக்கும் வாழைக்கும் இடலாம். நீர்த்தட்டை நாள்தோறும் கவிழ்த்துக் கழுவுதல் மிகவும் இன்றியமையாதது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதனால் டெங்கிக் காய்ச்சல் நமக்கு வரும். கொசுக்கடியால் கோழிக்கும் அம்மை பரவுகின்றது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் மருக்கள் போலத் தோன்றுவதே கோழியம்மை. ஒரு தட்டு நீரைக் கொட்டுவதனால் இரு நோய்களுக்கும் நாம் வழியடைக்கின்றோம்.

தீனியும் நஞ்சும்

சோற்று மிச்சம், நொய், தவிடு, தேங்காய்ச் சக்கை, பப்பாளி, கீரை ஆகிய யாவும் கோழிக்கு ஆகும். முட்டை ஓட்டை நன்கு காயவைத்துப் பொடித்துப் போட்டால் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்கும். ஆனால் கருவாட்டுத் தலை போன்ற உப்பு மிகுந்தவற்றை அளவின்றிப் போடலாகாது. மிகுந்த உப்பு கோழியைக் கொல்லும். பச்சை மரவள்ளிக் கிழங்கிலும் நஞ்சுண்டு; வேகவைத்தே இடல் வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த தீனியைக் "கோழிக்குத்தானே" என்று எறிகின்றோம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றின் தீனியிற் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என்று பின்னர்க் கண்டறிந்தனர். மனிதன் உண்ணத் தகாத பூஞ்சணம் கோழிக்கும் தகாது.

தோட்டத்தில் வாழும் நமக்கு இன்னும் ஒரு பெருங்கவலை உண்டு. புல்லுக்கு மருந்தடிக்கும் வேலையில் நம்மவர் பலர் ஈடுபட்டுள்ளனர். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் முற்றிலும் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆயினும் மற்ற மருந்துகளும் நஞ்சே. மருந்து வந்த காலிப் புட்டியை அறுத்துக் கோழிக்கு நீர்த்தட்டாக்குவதும், தெளிப்பானை வீட்டு முற்றத்தில் கழுவுவதும் கோழிக்கு மட்டுமன்றிப் பிள்ளைகளுக்கும் தீங்காகும். செம்பனைக்கு அடியில் வைக்கும் எலிமருந்துக் கட்டியையும் கோழிகள் கொத்தக்கூடும். எலிமருந்து வைத்துள்ள பகுதியிலும் புதிதாக மருந்தடித்த பகுதியிலும் கோழிகளை மேயவிடாமற் காத்தல் நம் கடமை.

கழிச்சல் நோய்

இதுவரை கூறியவை ஒரு கோழியையோ ஒரு கூட்டுக் குஞ்சுகளையோ அழிப்பவை. ஆனால் ஒரு லயத்துக் கோழிகள் அனைத்தையும் பத்தே நாளில் அழிக்கவல்ல நோய் ஒன்றுண்டு. அதுவே நியூகாசல் நோய். தமிழ்நாட்டில் இதனை வெள்ளைக் கழிச்சல் என்பர். மலாய்க்காரர் சம்பார் ஆயாம் என்பர். 1926-ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் இந்நோய் அறியப்பட்டது. பின்னர் இந்தியாவில் இராணிகேத் என்னும் மலையூரின் பெயராலும் வழங்கலாயிற்று.

கோழி தூங்கி விழும், தீனி எடாது, மூச்சுத் திணறும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக் கொள்ளும். காலும் சிறகும் வாதம் கண்டதுபோல் விழுந்துவிடும். கிருமி புகுந்த ஐந்தாறு நாட்களில் பெரும்பாலும் அறிகுறிகள் தோன்றும்; சிலவற்றில் இரண்டு வாரமும் ஆகலாம். நோய் வந்தபின் இதற்கு மருந்தே இல்லை. மஞ்சளும் வெங்காயமும் மிளகும் அரைத்துக் கொடுப்போர் உளர். அன்போடு செய்வதுதான், ஆனால் இக்கிருமியை அவை கொல்லமாட்டா.

வந்தபின் மருந்தில்லை எனினும், வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. இவ்வகையில் நம் நாட்டிற்கே பெருமை தரும் செய்தி ஒன்றைக் கூறவேண்டும். தடுப்பு மருந்துகள் பொதுவாகக் குளிரிலேயே இருத்தல் வேண்டும், வெப்பத்தில் கெட்டுவிடும். மேலும் ஒவ்வொரு கோழியையும் பிடித்து மருந்திடுவது சிற்றூர்களில் எளிதன்று. 1966-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கோழிக்குத் தீங்கு செய்யாத நியூகாசல் கிருமிவகை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதற்கு வி4 என்று பெயர். 1980-களில் செர்டாங்கிலுள்ள அன்றைய மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லத்தீப் இப்ராஹிம், ஐனி இடெரிஸ் முதலிய ஆய்வாளரும், குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோவும் கூடி ஆராய்ந்தனர். வெப்பத்தைத் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீனியிற் கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் முறையை அவர்கள் உருவாக்கினர். அவ்வறிவு பின்னர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் பயன்பட்டது. ஐனி இடெரிஸ் அம்மையார் பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். முற்றத்துக் கோழியைப் பற்றிய ஆய்வு சிறிய ஆய்வன்று என்பதை நம் மாணவியர் நினைவிற் கொள்க.

எவ்வகை மருந்தை, எவ்வயதில், எம்முறையில் கொடுப்பது என்பதை மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. பொதுவாகக் குஞ்சுப் பருவத்தில் ஒருமுறையும், சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒருமுறையும், அதன்பின் சில திங்களுக்கு ஒருமுறையும் கொடுப்பர். நலமுள்ள கோழிக்கே கொடுக்கவேண்டும். குளிரில் வைக்கவேண்டிய மருந்தைப் பனிக்கட்டியிட்ட குடுவையில் கொண்டுவர வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரில் கலந்தால் மருந்து பயனற்றுப் போகும்.

இங்குதான் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. தடுப்பு மருந்துச் சிமிழ் ஒன்றில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய மருந்து அடங்கியிருக்கும். கரைத்தபின் சில மணி நேரத்திற்குள் முடித்துவிட வேண்டும். பத்துக் கோழி உடைய ஒருவர் அதனை வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். ஆகவே "நமக்கு எதற்கு?" என்று விட்டுவிடுகின்றனர். ஒரு வீட்டுக்குப் பொருந்தாத அச்சிமிழ், இருபது வீடுகள் சேர்ந்தால் சரியாகப் பொருந்துகின்றது. செலவோ ஒரு வீட்டுக்குச் சில காசுகளாகக் குறைந்துவிடும். அன்றியும், என் வீட்டுக் கோழிக்கு மருந்திட்டு அடுத்த வீட்டார் இடாவிட்டால், அவ்வீட்டில் நோய் தங்கிப் பெருகும். என் வீட்டில் அடுத்து பொரிக்கும் குஞ்சுகளை அது முதலில் தாக்கும். கோழி ஒருவருடையது, அதன் நோயோ லயம் முழுவதற்கும் பொது.

நோய் வந்தபின்

பேசுவதற்குச் சற்றுக் கசப்பான ஒன்றை இனிக் கூறவேண்டும். கோழிகள் தூங்கி விழத் தொடங்கியதும், "செத்துப் போகுமுன் காசாக்கிவிடுவோம்" என்று அவசரமாக விற்போர் உளர். அறுத்து அக்கம்பக்கத்தில் பங்கிடுவோரும் உளர். அறுத்த கோழியின் குடலும் இறகும் சாக்கடையிற் போகின்றன. செத்த கோழி ஆற்றிலோ செம்பனைக் காட்டிலோ வீசப்படுகின்றது. அதனை நாய் இழுத்து வருகின்றது. ஒரு வீட்டார் மீட்டுக்கொண்ட சில வெள்ளிக்காகப் பல வீட்டார் தம் கோழிகள் அனைத்தையும் இழக்கின்றனர். வறுமையால் செய்வது என்று கூறலாம். ஆனால் இழப்போரும் அதே வறுமை உடையோரே அல்லரோ?

மேலும், எல்லா நோயும் கோழியோடு நின்றுவிடுவதில்லை. எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிளந்தானில் காணப்பட்டது. அண்டை நாட்டிலிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவந்த சண்டைச் சேவல்களால் வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. 2006-இலும் 2007-இலும் சிலாங்கூர்ப் பகுதியிலும், 2017-இல் மீண்டும் கிளந்தானிலும் தோன்றியது. பிற நாடுகளில் இக்காய்ச்சல் மனித உயிர்களையும் கொண்டுள்ளது. முற்றத்தில் நின்று பார்க்கும் நமக்கு, தூங்கி விழும் கோழிக்கு வந்திருப்பது நியூகாசலா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பிரித்தறிய இயலாது.

ஆதலின் கோழிகள் திடீரெனப் பலவாக இறந்தால், வெறுங்கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், விற்காதீர்கள், உண்ணாதீர்கள். கால்நடை அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். எஞ்சியவற்றைக் கூட்டிலேயே அடைத்து வையுங்கள். அலுவலர் கூறும் முறைப்படி இறந்தவற்றை எரிக்கவோ சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவோ வேண்டும். சந்தையில் வாங்கிய புதுக்கோழியையும், உறவினர் வீட்டிலிருந்து வந்த கோழியையும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும். கோழியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கமாகும்.

நாம் செய்யத்தக்கவை

மாணவர்களே, பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோழிக் குறிப்பேடாக்குங்கள். அடைவைத்த நாள், முட்டை எண்ணிக்கை, பொரித்தவை, இறந்தவை, இறந்த காரணம், மருந்திட்ட நாள் எனக் கட்டமிட்டு எழுதுங்கள். கணிதமும் அறிவியலும் அதில் அடங்கும். ஆறு திங்கள் கழித்துப் பார்த்தால், உங்கள் வீட்டுக் குஞ்சுகளைக் கொண்டுபோவது மழையா, காக்கையா, நோயா என்பது விளங்கும். காரணம் விளங்கியபின் வழி காண்பது அரிதன்று.

பெற்றோர் பெருமக்களே, லயத்துக்கு ஒருவர் பொறுப்பேற்று வீட்டுக்கு எத்தனை கோழி என்று எண்ணித் தாருங்கள். விடுமுறை நாளொன்றைக் குறித்து, எல்லா வீட்டாரும் ஒரே நாளில் மருந்திடலாம். கோழிகள் கூட்டில் இருக்கும் அதிகாலையே ஏற்ற நேரம். தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குச் சென்றுவிட்டோர், அங்குக் கோழி வளர்க்க ஊராட்சி மன்றத்தின் அனுமதி உண்டா என்று முதலில் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

மரநாய்க்குத் தாழ்ப்பாளும் மழைக்குப் பஞ்சாரமும் அவரவர் வீட்டோடு முடிந்துவிடும். நோய்க்கு மட்டும் அவரவர் வேலி போதாது. நம் லயங்களில் திருமணத்திற்கும் இறப்பிற்கும் திருவிழாவிற்கும் அழைக்காமலே கூடுகின்றோம். ஒரு பனிக்கட்டிக் குடுவைக்காகவும் ஆண்டில் மூன்று நான்கு முறை கூடுதல் நமக்கு அரிதாகுமா? அவ்வாறு கூடினால், மேலே போட்ட கணக்கில் கழித்தல் குறைந்து, எஞ்சும் விடை பெருகும். அவ்விடை நம் பிள்ளைகளின் தட்டில் முட்டையாகவும், புத்தகப் பையாகவும் வந்து சேரும்.